கொலைகாரப் பொம்மைக்கு இரண்டாம் பாகமா? முதலில் முழங்காலைக் கவனியுங்கள்

"முழங்கால் உயரம்கூட இல்லாத பொம்மை. ஓங்கி ஒரு உதை விட்டால் சுவரில் போய் விழாதா?"

பொம்மை கொலை செய்யும் படம் பார்க்கும் யாருக்கும் பத்தாவது நிமிடத்தில் வரும் கேள்வி இது. முதல் பாகத்தில் இது பெரிதாக உறுத்தாது. பொம்மை நகர்கிறதே என்று வாயைப் பிளந்து பார்ப்பதிலேயே நேரம் போய்விடும். இரண்டாம் பாகத்துக்கு அந்தச் சலுகை இல்லை. பொம்மை நகரும் என்று தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறோம். கையில் காசும் இல்லாமல், இந்தக் கேள்விக்குப் பதிலும் இல்லாமல் எடுத்த இரண்டாம் பாகங்கள்தான் பெரும்பாலும் சிரிப்புப் படமாகிவிடுகின்றன.

இதைப் படிப்பதற்குச் சரியான இடம் அமெரிக்காவின் 'பப்பெட் மாஸ்டர்' வரிசை. சார்ல்ஸ் பேண்டின் ஃபுல் மூன் நிறுவனம் 1989-இல் தொடங்கிய வரிசை அது. முதல் பாகம் தியேட்டர் பக்கம் போகாமல் நேராக வீடியோ கேசட்டில் வந்த படம். கலிஃபோர்னியாவில் ஒரு கடலோர ஹோட்டல். 1939-இல் அங்கே தன்னைத் தானே சுட்டுக்கொண்டு சாகிறார் ஆந்த்ரே தூலோன் என்ற பொம்மலாட்டக்காரர். சாவதற்கு முன் சுவருக்குள் ஒரு பெட்டியை ஒளித்துவைக்கிறார். பெட்டிக்குள் உயிருள்ள பொம்மைகள். அடுத்து வந்த இரண்டாம் பாகத்தை இயக்கியவர் டேவிட் ஆலன். முதல் படத்தில் பொம்மைகளை அசையவைத்த எஃபெக்ட்ஸ் கலைஞர் இவர்தான். 'யங் ஷெர்லாக் ஹோம்ஸ்' படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற குழுவிலும் இருந்தவர். அதனால் இரண்டாம் பாகத்தில் பொம்மை வேலை கச்சிதமாக இருக்கும். கோட்டை விட்டது வேறு இடங்களில். என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, இரண்டையும் ஒரே படத்தில் பார்க்கலாம்.

முதலில் உதை விஷயம். பலர் செய்யும் தவறு, பொம்மைக்கு அசுர பலம் கொடுப்பது. பொம்மை ஒரு தள்ளு தள்ளினால் ஆள் பறந்து விழுவான். அந்த நொடியே அது பொம்மை இல்லை, சின்ன சைஸ் வில்லன். பொம்மையை உயர்த்தாதீர்கள், மனிதனைக் கீழே கொண்டுவாருங்கள். தூங்குகிறவன், கட்டிலுக்கடியில் எதையோ தேடுகிறவள், குனிந்து ஷூ லேஸ் கட்டுகிறவன் என்று பொம்மையின் உயரத்துக்கு மனிதன் இறங்கி வரும் தருணங்கள் ஒரு நாளில் எத்தனையோ உண்டு. ஆலன் இதைப் புரிந்துவைத்திருந்தார். தலையில் துளைப்பான் பொருத்திய டனலர் என்ற பொம்மை, இரண்டாம் பாகத்தில், கட்டிலில் தூங்குகிறவனைத்தான் தேடிப் போகிறது. அங்கே உதைக்கு வழியே இல்லை. முதல் படத்தின் தொடக்கத்திலும் இதே புத்திசாலித்தனம் உண்டு. தரையோடு தரையாக கேமரா ஓடுகிறது. ஓடுவது என்னவென்றே நமக்குக் காட்டாமல், அதன் கண்ணால் பார்க்க வைத்துவிடுகிறார்கள். தரைமட்டத்தில் கேமரா வைக்கக் காசே வேண்டாம். ஆனாலும் முதன்முதலாக எடுப்பவர்கள் கண் மட்டத்தில் முக்காலியைப் போட்டு, மேலிருந்து பொம்மையைக் காட்டுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் எந்தப் பொம்மையும் பாவமாகத்தான் தெரியும்.

அடுத்த தவறு, முழுப் பொம்மையையும் முழு வெளிச்சத்தில் நிறைய நேரம் காட்டுவது. இதை நானே செய்து கையைச் சுட்டுக்கொண்டவன். நண்பன் வீட்டு ஹாலில் ஒரு குறும்படம் எடுத்தோம். பொம்மை நாற்காலியிலிருந்து தலையைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஸ்டாப் மோஷனில், அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் தனித்தனிப் படமாக எடுத்துச் செய்யலாம் என்று முடிவு. நொடிக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃப்ரேம் நிறுத்தினால் நொடிக்கு 12 அசைவு. ஐந்து நொடிக்கு 60 முறை பொம்மையைத் தொட்டு, கையை எடுத்து, படம் பிடிக்க வேண்டும். மதியம் ஆரம்பித்தோம், முடிக்கும்போது மணி ஐந்தாகிவிட்டது. ஓட்டிப் பார்த்தால் பொம்மை தலையைத் திருப்புகிறது, சரி. ஆனால் பின்னால் சுவர் மொத்தமும் துடிக்கிறது. ஜன்னல் திரையை நாங்கள் மூடவே இல்லை. வெயில் மேகத்தில் மறைந்து மறைந்து வந்ததெல்லாம் ஐந்து நொடிக்குள் அடங்கிவிட்டது. நண்பன் மட்டும் உற்சாகமாக, "டேய், பொம்மை மூச்சு விடுது டா!" என்றான். அதையே வைத்துக்கொண்டோம். எல்லோருக்கும் அப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. ஜன்னலை அடைத்துவிடுங்கள், ஒரே விளக்கில் எடுங்கள், பொம்மையின் காலை மேசையோடு ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் ஸ்டாப் மோஷனில் எடுக்கவே வேண்டாம். 'பப்பெட் மாஸ்டர்' படங்களில் பின்ஹெட் என்று ஒரு பொம்மை. தம்மாத்துண்டு தலை, பெரிய உடம்பு, நிஜ மனிதக் கைகள். கழுத்தை நெரிக்கும் நெருக்கக் காட்சியில் சட்டைக்குள்ளிருந்து ஒரு மனிதரின் கையை நீட்டிவிட்டால் போதும். தூரக் காட்சிக்குக் குச்சியில் கட்டிய பொம்மை, கிட்டக் காட்சிக்குக் கை, ஸ்டாப் மோஷன் ஒன்றோ இரண்டோ இடத்தில். இந்தக் கலவையில்தான் பார்ப்பவன் ஏமாறுகிறான். ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பக் காட்டினால் மூன்றாவது தடவை குச்சி கண்ணில் பட்டுவிடும்.

இரண்டாம் பாகம் என்றதும் பொம்மைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது ஒரு வியாதி. ஆறு இருந்தால் பன்னிரண்டு. உண்மையில் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரே ஒரு வேலை இருந்தால்தான் மனதில் நிற்கும். அதே வரிசையில் பிளேடு என்ற பொம்மைக்கு ஒரு கையில் கத்தி, இன்னொன்றில் கொக்கி. லீச் உமன் வாயிலிருந்து அட்டைப்பூச்சியைக் கக்குவாள். ஜெஸ்டரின் முகம் மூன்று துண்டாகச் சுழலும். ஒரு வரியில் சொல்ல முடியாத பொம்மை படத்துக்கு வேண்டாம். ஆலன் தன் படத்தில் புதிதாக முன்னிறுத்தியது டார்ச் என்ற ஒன்றைத்தான். கையில் தீ கக்கும் குழாய். பதிலுக்கு லீச் உமனை அடுப்பில் போட்டு எரித்துவிடுகிறார்கள். பொம்மையும் சாகும் என்று தெரிந்த பிறகு நமக்கு அவற்றின் மேல் ஒரு பதற்றம் வந்துவிடுகிறது. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கூட்டத்திலேயே விசித்திரமானவளை எரித்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. ஜெஸ்டரை எரித்திருக்கலாம், பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை.

ஆலன் சறுக்கிய இடம் தூலோன். இரண்டாம் பாகத்தில் பொம்மைகள் கல்லறையைத் தோண்டி அவரை எழுப்புகின்றன. முகம் முழுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியுடன் ஹோட்டலில் வேறு பெயரில் உலவுகிறார். அங்கே வந்து தங்கியிருக்கும் ஒரு பெண்ணைத் தன் செத்துப்போன மனைவியின் மறுபிறவி என்று நம்புகிறார். பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். பொம்மைகளோ அவர் சொன்ன சாமானைத் தேடிக் கொண்டுவரும் எடுபிடிகள் ஆகிவிடுகின்றன. ஏன் கொல்கின்றன என்பதற்கு விளக்கம் கிடைக்கக் கிடைக்க பயம் வடிந்துவிடுகிறது. கடைசியில் உயிரை ஆளுயரப் பொம்மைகளுக்கு மாற்றும் திட்டம் வருகிறது. அந்த முகங்கள் விகாரமாகத்தான் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு நேரம் கட்டிலுக்கடியில் என்ன இருக்கிறதோ என்று காலை மேலே தூக்கிவைத்திருந்தவனுக்கு, கண் மட்டத்தில் நிற்கும் முகமூடி மனிதன் பெரிய விஷயமே இல்லை. க்ளைமாக்ஸ் பெரிதாக வேண்டும் என்று பொம்மையைப் பெரிதாக்கிவிட்டார்கள். அந்தப் படத்தை உருப்படியாக முடித்துவைப்பது, அதே குட்டிப் பொம்மைகள் எஜமானுக்கு எதிராகத் திரும்பும் காட்சிதான்.

பழைய கதையைத் தாளில் எழுதிவைக்காமல் இருப்பது இன்னொரு தவறு. இரண்டாம் பாகத்துக் கெட்ட தூலோன், 1991-இல் வந்த மூன்றாம் பாகத்தில் நல்லவர். நாஜிகளைப் பழிவாங்கும் தாத்தா. நடிகரும் வேறு. அதாவது பரவாயில்லை. அந்தக் கதை நடப்பது 1941-இல், பெர்லினில். முதல் பாகத்தில் அவர் 1939-லேயே செத்துவிட்டார்! ரசிகர்கள் இத்தனை வருடமாக இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், வரிசையிலேயே மூன்றாவதுதான் சிறந்தது என்று சொல்பவர்கள் நிறையப் பேர், அவர்களில் நானும் ஒருவன். அதனால் வருடக் குழப்பம் படத்தைக் கொன்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். ஒரு பக்கத் தாளில் யார் எப்போது செத்தார், எந்தப் பொம்மை எரிந்தது என்று எழுதியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

தலைப்பில் 'கடைசி அத்தியாயம்' என்று போடாதீர்கள். 1994-இல் ஐந்தாம் பாகத்துக்குப் போட்டார்கள், 1998-இல் அடுத்தது வந்துவிட்டது. பழைய ஃபுட்டேஜை வெட்டி ஒட்டிப் புதுப் படம் என்று விற்காதீர்கள். 2003-இல் வந்த 'தி லெகஸி' பெரும்பாலும் முந்தைய படங்களின் காட்சிகள்தான். கேசட்டைக் காசு கொடுத்து வாங்கியவனுக்கு அது துரோகம். முதல் பாகத்தில் ஒரு நல்ல இசை அமைந்திருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். சார்ல்ஸின் தம்பி ரிச்சர்ட் பேண்ட் போட்ட தீம், சர்க்கஸ் கூடாரத்து வாத்தியம் மாதிரி சுற்றிச் சுற்றி வரும். அது ஒலித்தால் போதும், திரையில் பொம்மை இல்லாவிட்டாலும் நம் கால் தானாக மேலே போய்விடும்.

கடைசியாக ஒன்று. பொம்மைக்கு இரட்டை வாங்கிவையுங்கள். நெருக்கக் காட்சிக்கு ஒன்று, தூக்கி அடிப்பதற்கு ஒன்று. எங்கள் படத்தில், கேள்வி கேட்பவன் வாயை அடைக்கலாம் என்று, ஹீரோ பொம்மையை உதைக்கும் காட்சியையே வைத்தோம். உதைத்தான். முதல் டேக்கிலேயே கழுத்து உடைந்தது. அதே பொம்மை கடையில் தீர்ந்துவிட்டது, கிடைத்ததை வாங்கி வந்தோம். படத்தின் பிற்பாதியில் எங்கள் பேய்ப் பொம்மைக்குத் திடீரென்று மீசை இருக்கும்.