நெறி எடுத்த பிறகு கால் வீங்கினால்

எனக்குக் குதிகாலில் வந்தது மெலனோமா என்னும் தோல் புற்றுநோய். அதோடு தொடை இடுக்கில் இருந்த நெறிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், எடுத்துவிட்டார்கள். பிறகு கால் வீங்கியபோது உசிலம்பட்டிப் பக்கத்து எங்கள் ஊரில் பலரும் சொன்னது, "யானைக்கால்". அது கொசு பரப்பும் புழுவால் வருவது. எனக்கு வந்தது வேறு: உடல் திசுக்களிலிருந்து வடிந்து மேலேறும் நீரான நிணநீருக்கு வாய்க்கால் அடைபட்டுவிட்டது, அதனால் தேங்குகிறது. யானைக்கால் மாத்திரை இதற்கு உதவாது. தேங்குவது புரதம் கலந்த நீர் என்பதால், நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் இதற்கு மருந்தல்ல.

வீக்கம் கண்ணுக்குத் தெரியுமுன் கால் கனக்கும், கொலுசு இறுகும், செருப்பு வார் பதியும். அப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். நாளாக ஆகத் தோல் தடித்துவிடும், பிறகு வீக்கத்தைக் குறைப்பது பெரும்பாடு. தையல் டேப்பால் வாரம் ஒருமுறை, காலையில், ஒரே இடங்களில் இரண்டு கால்களையும் அளந்து எழுதி வையுங்கள்.

காலை இறுக்கிப் பிடித்து வீக்கத்தை அடக்கும் அழுத்தக் காலுறையை என் மாத்திரையைப் போலவே நான் மதிக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் அளவெடுத்துச் சொல்வதையே வாங்க வேண்டும். அளவு பொருந்தாதது மடிப்பில் சுருண்டு, இறுக்கி, வீக்கத்தைக் கூட்டிவிடும். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் மாட்டுங்கள், இரவில் கழற்றி அலசி நிழலில் உலர்த்துங்கள். எண்ணெய் பட்டால் அதன் இழுவை போய்விடும், ஆகவே தேங்காய் எண்ணெய் இரவில் மட்டும். சுமார் 6 மாதத்தில் புதிது வேண்டியிருக்கும். விலை கூடுதல்தான், ஆனால் வீட்டார் இதை மருந்துச் செலவாகவே எண்ண வேண்டும். சித்திரை வெயிலில் இதைப் போட்டிருப்பது கடினம். மல்லிகைப் பறிப்பை வெயில் ஏறுமுன் முடித்துவிடுவதால் என்னால் தாங்க முடிகிறது.

சிறு கீறலும் கிருமிக்கு வாசல். தோட்டத்தில் மூடிய காலணி அணியுங்கள், விரலிடுக்கில் ஈரம் நிற்க விடாதீர்கள், சேற்றுப்புண்ணை உடனே கவனியுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தரைக்கல் சுடுமுன் விடியலிலேயே போய்விடுகிறேன். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மணிக்கணக்காக நிற்பதில்லை. வெந்நீர் ஒத்தடமும் அழுத்தி உருவுவதும் வேண்டாம். தேங்கிய நீரை நகர்த்தக் கையால் தடவும் நிணநீர் நீவல் வேறு, அது மிக மென்மையானது, பயிற்சி பெற்றவரிடமே கற்க வேண்டும். காலுறையோடு நடப்பது நல்லது.

கால் சிவந்து, சுட்டு, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கெண்டைக்கால் வலியோடு திடீரென வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ இரத்தக்கட்டியாக இருக்கலாம், நள்ளிரவானாலும் கிளம்புங்கள். இடுக்கில் புதுக் கட்டியோ தோலில் புதுக் கரும்புள்ளியோ தெரிந்தால் அறுவை செய்த டாக்டரிடம் காட்டுங்கள். புற்றுநோய் திரும்பினாலும் கால் வீங்கலாம்.