நானோ உரம் அடிக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள்

நானோ உரப் பாட்டில் கைக்கு வந்ததும் லேபிளைத் திருப்பி, சத்து எத்தனை சதவீதம் என்று பாருங்கள். நானோ என்பது துகளின் அளவைச் சொல்லும் பெயர்தான், பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் 10 லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு 1 நானோமீட்டர். துகள் சிறுக்கச் சிறுக்க அதே எடைக்கு மேற்பரப்பு கூடும், வேகமாகக் கரையும், இலைத்துளை வழியாக உள்ளே போகவும் வழி கிடைக்கும். ஆனால் சத்தின் எடை மட்டும் கூடாது.

கணக்கு இதுதான். அரை லிட்டர் பாட்டிலில் 4 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) என்றால் மொத்தமே சுமார் 20 கிராம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்கு மேல். மண்ணில் போடும் யூரியாவில் பெரும்பங்கு ஆவியாகியும் தண்ணீரோடு இறங்கியும் வீணாகிறது என்பது உண்மைதான், சரி, முக்கால்வாசி வீண் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் 5 கிலோவுக்கு மேல் மிஞ்சுகிறதே, அதை 20 கிராம் எப்படி ஈடுகட்டும்? அதனால் இந்தப் பாட்டிலை நம்பி அடியுரத்தையும் மேலுரத்தையும் குறைத்துவிடாதீர்கள். துத்தநாகம் மாதிரி நுண்ணூட்டம் என்றால் விஷயம் வேறு. பயிருக்குத் தேவையே கொஞ்சம்தான் என்பதால் அங்கே இலைவழித் தெளிப்புக்கு அர்த்தம் இருக்கிறது. ஆனாலும் மண் பரிசோதனையில் குறை தெரிந்தால் மட்டும் அடியுங்கள்.

முதல் தடவை முழு வயலுக்கும் அடிக்க வேண்டாம். நாலு வரிசைக்கு வெறும் தண்ணீர் மட்டும் தெளித்து, மற்ற எல்லாப் பராமரிப்பையும் ஒரே மாதிரி செய்து, அறுவடையில் அந்த வரிசைகளையும் பக்கத்திலுள்ள நாலு வரிசைகளையும் தனித்தனியாக எடை போடுங்கள். இலை பச்சையாகத் தெரிவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பச்சை வேறு மகசூல் வேறு. வேறு மருந்தோடு கலக்கலாம் என்று லேபிளே சொன்னாலும் முதலில் ஒரு கண்ணாடிக் குடுவையில் கொஞ்சமாகக் கலந்து அரைமணி நேரம் வையுங்கள், திரிந்தாலோ அடியில் படிந்தாலோ டேங்கில் ஊற்றக் கூடாது.

காலையிலோ மாலையிலோ, காற்று அடங்கிய நேரமாகப் பார்த்துத் தெளியுங்கள். வாயில் துண்டு கட்டிக்கொண்டு அடிப்பது போதாது, இவ்வளவு நுண்ணிய துகள் துணியின் இழைகளுக்கு நடுவே சுலபமாகப் புகுந்து நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். என்95 வகை முகமூடி, கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். தூளாக வரும் பொருள் என்றால் இன்னும் கவனம், பிரிக்கும்போதே பறக்கும்.

எனக்கு அதிகம் கவலை தருவது மண்தான். நானோ வெள்ளியும் செம்பும் பூஞ்சணத்தைக் கொல்வதற்காக விற்கப்படுகின்றன, ஆனால் நோய்க் கிருமி எது, வேர் முடிச்சில் வாழ்ந்து பயிருக்குத் தழைச்சத்து தரும் ரைசோபியம் பாக்டீரியா எது என்று அவற்றுக்குத் தெரியாது. யூரியா கரைந்து போய்விடும். உலோகம் போகாது, ஒவ்வொரு போகத்திலும் போட்டது சேர்ந்துகொண்டே இருக்கும். 2012-இல் வெளியான ஒரு சோயாபீன் ஆய்வில், மண்ணில் நானோ சீரியம் ஆக்சைடு (சீரியம் என்ற உலோகத்தின் சேர்மம்) அதிகமானபோது வேர் முடிச்சுகள் தழைச்சத்தை நிலைநிறுத்தும் வேலையே ஏறக்குறைய நின்றுபோனது. அதே ஆய்வில் நானோ துத்தநாக ஆக்சைடு கலந்த மண்ணில் வளர்ந்த செடியின் இலையிலும் விதையிலும் துத்தநாகம் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. அதனால் பயறு வகை போட்ட நிலத்தில் வெள்ளி, செம்பு கலந்ததை வழக்கமாக அடிக்காதீர்கள். தெளிப்பானைக் கழுவிய தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டவும் கூடாது, நீரில் வாழும் சின்ன உயிர்களுக்கு வெள்ளியும் செம்பும் மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு.

லேபிளில் என்ன சத்து அல்லது உலோகம், எத்தனை சதவீதம், துகள் என்ன அளவு என்று மூன்றும் இல்லாமல் வெறுமனே நானோ என்று பெரிதாக அச்சடித்திருந்தால் அந்தப் பாட்டிலை வாங்காதீர்கள்.