வீட்டுத் தோட்டத்துக்கு மூடாக்கு போடுவது எப்படி?

சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும், கத்தரியும் வெண்டையும் தலை தொங்கி நிற்கும். உடனே இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றத்தான் தோன்றும். அதைவிட, வெறும் மண்ணை வெயிலுக்குக் காட்டாமல் சருகு, வைக்கோல் போட்டு மூடி வையுங்கள். இதுதான் மூடாக்கு. வேர்ப்பகுதி சூடேறாது, ஈரம் நிற்கும், வெளிச்சம் கிடைக்காததால் களையும் குறையும். மூடிய பொருள் மக்கி மண்ணுக்கே உரமாகும்.

எதைப் போடலாம்?

காசு கொடுத்து வாங்குவதற்கு முன் வாசலைப் பாருங்கள். வேம்பும் புங்கனும் உதிர்க்கிற சருகே போதும். தயவுசெய்து அதைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள். காய்கறிப் பாத்திக்கு என் முதல் தேர்வு வைக்கோல். தை, மாசியில் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நெல் அறுவடை முடிந்ததும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒட்டியிருக்கும் நெல்மணியை உதறிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் பாத்தியில் நாற்று முளைக்கும். கரும்புச் சோகை, நிலக்கடலைத் தோல், தேங்காய் மட்டை எல்லாமே நல்லவை. பிடுங்கிய களையையும் போடலாம், ஆனால் பூக்காததாக, விதை இல்லாததாக இருக்கவேண்டும். பார்த்தீனியம் என்றால் இதில் இன்னும் கவனம் தேவை. மரத்தூளை மண்ணோடு கலக்காதீர்கள். அதை மக்கவைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும்.

போடும் முறை

1. களையை வேரோடு எடுங்கள். தொழு உரம் போடுவதாக இருந்தால் இப்போதே போட்டு லேசாகக் கொத்திவிடுங்கள்.

2. மண் ஆழமாக நனையும்படி தண்ணீர் விடுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். காய்ந்த மண்ணை மூடினால், அதன்பிறகு ஊற்றும் கொஞ்சத் தண்ணீரை வைக்கோலே குடித்துவிடும், வேருக்கு எதுவும் போகாது.

3. காய்கறிச் செடிகளுக்கு 2 முதல் 3 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். மாமரம், எலுமிச்சைக்கு 4 அங்குலம் வரை போகலாம். பச்சைப் புல்லை மட்டும் மெல்லிசாகவே போடவேண்டும், கனமாகக் குவித்தால் சூடேறி அழுகி நாற்றமடிக்கும். விதை போட்ட பாத்தியை உடனே மூடவேண்டாம். நாற்று ஒரு சாண் வளரட்டும்.

4. தண்டை ஒட்டிப் போடாதீர்கள். செடிக்கு 2 விரல், மரத்துக்கு அரையடி இடைவெளி விடுங்கள். தண்டைச் சுற்றி ஈரம் தேங்கினால் பட்டை அழுகும், பூச்சி, எலி எல்லாம் அங்கேதான் குடியேறும்.

தேங்காய் மட்டையை அடுக்கும்போது குழிந்த பக்கம் மண்ணைப் பார்த்து இருக்கட்டும். நிமிர்த்தி வைத்தால் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும்.

போட்ட பிறகு

பழக்கத்தில் தினமும் அதே அளவு தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். மூடாக்கை விலக்கி, விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் இன்றைக்கு வேண்டாம்.

செம்மண் தோட்டம் என்றால் கரையான் வரலாம். அது காய்ந்த சருகைத் தின்பது பெரிய ஆபத்தில்லை, தண்டில் ஏறினால்தான் கவலை. இடைவெளியைச் சரியாக வைத்து, வேப்பம் புண்ணாக்குத் தூளைத் தூவிவிடுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் குவிக்கவே கூடாது, கரையான் நிலைக்கதவு வரை வந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை மாறும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் தண்ணீரைப் பிடித்துவைக்கும், மேலே கனமான மூடாக்கும் இருந்தால் வேர் மூச்சுவிட முடியாது, நத்தையும் பெருகும். அப்போது பாதியை வாரி ஓரமாகப் போட்டுவிட்டு, மார்கழியில் திரும்பப் பரப்புங்கள்.

மாடித் தொட்டிக்கு ஓர் அங்குலம் போதும், சருகை நொறுக்கிப் போட்டால் காற்றில் பறக்காது. தண்ணீர் நிற்க விளிம்பில் இடம் விடுங்கள்.

வைக்கோல் சில மாதங்களில் மக்கி அமுங்கிவிடும். மண் தெரிய ஆரம்பித்தால் பழையதை அள்ளவேண்டாம், அதன்மேலேயே புதிதாக ஓர் அடுக்கு போட்டால் சரி.