லூர்து கெபிக்கு முதல் திருப்பயணம்: அம்மாவை அழைத்துப் போன அனுபவத்திலிருந்து ஒரு செய்முறை

அம்மாவின் செபப் புத்தகத்துக்குள் ஒரு சின்னப் படம் உண்டு. பாறைக் குகை, அதில் வெள்ளை உடையும் நீல இடைக்கச்சையுமாக மாதா, கீழே முழந்தாளிட்ட சிறுமி. ஐம்பது வருடம் அந்தப் படத்தைப் பார்த்தே செபமாலை சொன்னவர், 74 வயதில்தான் பிரான்ஸின் லூர்து ஊரில் உள்ள அந்தக் கெபியின், அதாவது குகையின், முன்னால் போய் உட்கார்ந்தார். முதல்முறை ஏற்பாடு செய்கிறவர்களுக்காக, நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. ஒரே ஒரு இடம்

ரோம், பாத்திமா, லூர்து மூன்றையும் ஒரே மூச்சில் சுற்றிக் காட்டும் பயணங்கள் கிடைக்கும். வயதானவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பேன். தினமும் பெட்டி கட்டி, பேருந்தில் ஏறி இறங்கிக் களைத்த பிறகு கெபி முன்னால் அரை மணி நேரம்தான் மிஞ்சும். போகிறவரிடமே கேளுங்கள். அம்மா யோசிக்காமல் "லூர்து" என்றார். நான்கு இரவும் அங்கேயே தங்கினோம்.

2. மாதம்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் அங்கே பவனிக் காலம். மாலை 5 மணிக்கு நற்கருணை பவனி, இரவு 9 மணிக்கு மெழுகுதிரி பவனி. குளிர்காலத்தில் கெபி திறந்திருந்தாலும் பல விடுதிகள் மூடிவிடும். மாதாவின் விண்ணேற்புத் திருநாளான ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி நெரிசல் அதிகம். மே அல்லது செப்டம்பர் என் தேர்வு.

3. காகிதங்கள்

விசா தேவைப்படுகிறவர்களுக்கு இது ஷெங்கன் விசா, பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது. பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாள் முன்பு வரை. அந்தக் கடைசி நாளுக்காகக் காத்திராதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் காப்பீடு பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. உடம்பு

மூன்று மாதம் முன்பே நடைப் பழக்கத்தைத் தொடங்குங்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்வது நல்லது. மாத்திரைகளை, மருந்துச் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள்.

5. மனசு

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. கிளம்பும் முன், அந்தக் கெபியில் மாதாவைக் கண்ட சிறுமி பெர்னதெத்தின் கதையை நிதானமாக வாசியுங்கள். 1858-ல் 14 வயது, எழுதப் படிக்கத் தெரியாது, ஆஸ்துமா வேறு. பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை 18 காட்சிகள். பிப்ரவரி 25 அன்று மாதா சொன்னபடி அவள் தரையைத் தோண்டிச் சேற்றுத் தண்ணீரைக் குடித்தபோது, கூடியிருந்தவர்கள் பைத்தியம் என்றார்கள். அந்த ஊற்றுதான் இன்றும் ஓடுகிறது.

காட்சியில் வருபவரின் பெயரைக் கேட்டு வரும்படி பங்குத்தந்தை அவளிடம் சொன்னார். மார்ச் 25 அன்று "நாமே அமல உற்பவம்" (பிறவிப் பாவமின்றிக் கருவானவர்) என்று அவளுடைய வட்டார மொழியிலேயே பதில் வந்தது. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. மறந்துவிடாமல் இருக்க வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடினாள். அமல உற்பவத்தை விசுவாச சத்தியமாகத் திருச்சபை அறிவித்து நான்கே வருடம் ஆகியிருந்தது. இதைத் தெரிந்துகொண்டு பாறையைத் தொடுவது வேறு, தெரியாமல் தொடுவது வேறு.

பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுக் கிளம்புங்கள். வர முடியாதவர்களின் மன்றாட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் நோட்டில் 41 பெயர் இருந்தது.

6. போய்ச் சேருதல்

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து மாறாமல் செல்லும் ரயில் உண்டு, ஏறக்குறைய 5 மணி நேரம். துலூஸ் வரை விமானத்தில் வந்து ரயில் பிடிப்பது எங்களுக்கு எளிதாக இருந்தது. லூர்து மேடும் பள்ளமுமான ஊர். விடுதிக்கும் திருத்தலத்துக்கும் நடுவில் ஏற்றம் உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். நான் கேட்காமல் விட்டு, முதல் இரவே அம்மாவை மூச்சிரைக்க வைத்தேன்.

7. அங்கே

போன அன்றே கெபிக்குப் போங்கள், மற்றதெல்லாம் பிறகு. வரிசையில் மெதுவாக நகர்ந்து, நீர் கசியும் பாறையைத் தடவிக்கொண்டே உள்ளே சுற்றி வரலாம். கண்ணாடிக்கு அடியில் ஊற்று தெரியும். யாரும் பேசமாட்டார்கள்.

தீர்த்தம் பக்கத்துக் குழாய்களில் இலவசமாகக் கிடைக்கும். தொட்டியில் முழுதாக மூழ்க விரும்பினால், அந்த நாட்களில் அனுமதி உண்டா என்று திருத்தல அலுவலகத்தில் கேளுங்கள். இல்லாவிட்டாலும் ஊழியர்கள் தண்ணீர் ஊற்ற, கை முகம் கழுவி, அள்ளிக் குடிக்கலாம்.

மலைமேல் உள்ள சிலுவைப்பாதை செங்குத்தானது. முட்டி வலி உள்ளவர்களுக்கு ஆற்றோரச் சமதரையில் பளிங்குச் சிலைகளோடு இன்னொன்று இருக்கிறது. பழைய சிறைக்கூடமான 'கஷோ'வைத் தவறவிடாதீர்கள். பெர்னதெத்தின் குடும்பம் ஆறு பேரும் வாழ்ந்த ஒற்றை அறை, சுமார் 16 சதுர மீட்டர்.

இரவுப் பவனியில் சக்கர நாற்காலிகளுக்குத்தான் முன்னிடம். பல்லவி வரும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான திரிகள் ஒன்றாக மேலே உயரும். அந்த இரவு அம்மா தமிழிலேயே 'அருள் நிறைந்த மரியே' சொன்னார்.

8. கடைசிக் காலை

தீர்த்தப் புட்டிகளை இறுக மூடி, விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியைப் பல விமான நிலையங்களில் அனுமதிப்பதில்லை.

கிளம்பும் நாளின் விடியற்காலையை எந்த வேலையும் இல்லாமல் காலியாக விடுங்கள். நாங்கள் போனபோது கெபியில் பத்துப் பேர்கூட இல்லை. அம்மா 41 பெயரையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பிறகு செபப் புத்தகத்தைத் திறந்து, படத்தையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் காவ் ஆறு சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

"படத்துல ஆறு இல்லையே" என்றார்.