எல்லைப்புறப் பள்ளியில் சனிக்கிழமைப் பாட்டு வகுப்பு: கல்லூரி மாணவர்கள் நடத்தும் முறை

பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் பாட்டு வகுப்பு தொடங்கக் கச்சேரி வித்வான் தேவையில்லை. அலங்காரம் (கர்நாடக இசையின் ஆரம்பத் தாளப் பயிற்சி) வரை சுத்தமாகப் பாடும் ஒருவர், தாளம் பிசகாத ஒருவர், இவர்களில் யாருக்காவது பரீட்சை வந்தால் நிற்க மூன்றாமவர் போதும். பத்துப் பேர் கூடித் தொடங்கும் வகுப்பு ஓணம் லீவைத் தாண்டாது. 'வேறு யாராவது போயிருப்பார்கள்' என்று பத்துப் பேரும் வீட்டில் இருந்துவிடுவார்கள்.

ஹெட்மாஸ்டரிடம் கொடுக்கும் கடிதத்தில் நாள், நேரம், மூவரின் பெயர், கல்லூரி அடையாள எண் இருக்கட்டும். வகுப்பு நேரத்தில் ஒரு டீச்சரோ பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) பெற்றோரோ கூடவே இருக்க வேண்டும் என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். என்.எஸ்.எஸ்.ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டில் 240 மணி நேரக் கணக்கு உண்டு. இந்த வகுப்பு அதில் சேருமா என்று திட்ட அலுவலரிடம் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் இருபதுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் யார் சுருதி விலகுகிறார் என்று காதுக்குத் தெரியாது.

முதல் தவறு சுருதியில்தான் நடக்கும். பாடும் அண்ணன் தனக்கு வசதியான 1 கட்டையில் சுருதிப் பெட்டியை வைத்துவிடுவார் (கட்டை என்பது கீபோர்டில் C-யை 1 ஆக வைத்து எண்ணும் சுருதி, ½ வருவது கருப்புக் கட்டை). பிள்ளைகளுக்கு அவர் பாடும் கீழ் ஸ்தாயி (ஸ முதல் மேல் ஸ வரை ஒரு ஸ்தாயி) எட்டாது, அடுத்த ஸ்தாயியில் பாடினால் மேல் ஸட்ஜத்தில் கத்த வேண்டிவரும். சுருதியைப் பிள்ளைகளுக்காக 5 அல்லது 5½ கட்டையில் வையுங்கள். அதனால் பாடிக்காட்டும் வேலையை ஓர் அக்காவிடம் விடுவது நல்லது. போனில் சுருதி ஆப் வைத்தால் விமான மோடில் போடுங்கள். போனின் சொந்த ஒலி இருபது குரலுக்குக் காணாது. சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வட்டத்தின் நடுவே வையுங்கள்.

முதல் மூன்று வாரம் ஸ ப ஸ, ஆதி தாளம், வேறெதுவும் இல்லை. ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு: எட்டு. நான்காம் வாரம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை (முதல் ஸ்வரப் பயிற்சி). இங்கேதான் கவனம் வேண்டும். சினிமாப் பாட்டுக் காதோடு வரும் பிள்ளைகள் ரி, த இரண்டையும் மேலே தூக்கிவிடுவார்கள், ராகம் சங்கராபரணத்துக்கு நழுவிவிடும். ரி ஸ-வை ஒட்டி நிற்க வேண்டும், த ப-வை ஒட்டி. 'ஸ ரி ஸ', 'ப த ப' என்று தனியாகப் பத்துத் தடவை பாடவையுங்கள். கீபோர்டில் சரிபார்க்க, 5 கட்டை சுருதிக்கு: ஸ 5, ரி 5½, க 7, ம மேல் 1, ப 2, த 2½, நி 4½.

எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு, இரண்டு மொழிப் பிள்ளைகள் சேர்ந்து உட்காரும் இந்தப் பக்கத்தில் அது பளிச்சென்று தெரியும். மலையாளத்தில் எழுதும் பிள்ளைக்குக் காந்தாரத்துக்கும் தைவதத்துக்கும் தனி எழுத்து இருக்கிறது. தமிழில் எழுதும் பிள்ளை க, த என்று எழுதி, 'கண்', 'தலை' என்பதில் வருவதுபோல வல்லோசையாகவே பாடும். மேல் ஸ்தாயியைக் காட்ட வைக்கும் புள்ளி இன்னும் மோசம்: ஸ-வின் தலையில் புள்ளி வைத்தால் அது 'ஸ்' ஆகிவிடுகிறது! புள்ளிக்குப் பதில் மேலே சின்னக் கோடு போடச் சொல்லுங்கள். முதல் ஆறு வாரம் நோட்டே வேண்டாம், வாய்ப்பாடம் போதும்.

இரண்டாம் காலம் (இரட்டை வேகம்) வரும்போது ஸ்வரத்தை இரட்டிப்பதற்குப் பதில் தாளத்தை ஓட்டுவார்கள். பாதிப் பேர் தாளம் மட்டும், பாதிப் பேர் பாட்டு மட்டும், பிறகு மாற்றம் என்று வைத்தால் இரண்டு வாரத்தில் அடங்கும். ஒரு மணி நேர வகுப்பில் கடைசிப் பத்து நிமிடம் சொற்கட்டு, அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்வது: தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து. பாட வராது என்று ஒதுங்கும் பையன்களை வகுப்பில் நிறுத்துவது இதுதான்.

மிருதங்கம் யாராவது தானமாகத் தந்தால் உடனே வாங்கிவிடாமல் எத்தனை கட்டைக்குச் செய்தது என்று கேளுங்கள். 1 கட்டை மிருதங்கத்தை 5-க்கு ஏற்ற முயன்றால் வலந்தலை (வலக்கைப் பக்கத் தோல்) கிழியும். உயர்ந்த சுருதிக்கு உடல் சிறிய மிருதங்கமே வேண்டும். தொப்பியை (இடக்கைப் பக்கத் தோலை) ஈரத்துணியால் துடைத்து, பிசைந்த ரவையை நெல்லிக்காய் அளவு அப்புங்கள். ஓசை கனமாக வேண்டுமென்றால் கொஞ்சம் கூட்டலாம். வகுப்பு முடிந்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால் காய்ந்து தோலோடு பிய்ந்து வரும், எறும்பும் கரப்பானும் வேறு. மழையில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறட்டும்போது ஏறும். உறை போட்டு, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். தோல் மாற்றவோ தோலை இறுக்கும் வார் இழுக்கவோ தொலைவு போக வேண்டாம், பெருவெம்பில் தலைமுறையாக வாத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நவம்பரில் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேரையொட்டி நடக்கும் சங்கீத விழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம். பெற்றோர் கையெழுத்து, ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர், ஒரு மணி நேரம் கேட்டதும் கிளம்புதல். முழுக் கச்சேரி உட்காரவைத்தால் அடுத்த சனிக்கிழமை பாதிப் பேர் வரமாட்டார்கள். பாடுகிறவரின் தாளக்கை தெரியும் இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

கலோத்ஸவம் (கேரளப் பள்ளிக் கலைப் போட்டி) நெருங்கினால், நன்றாகப் பாடும் இரண்டு பிள்ளைகளை மட்டும் தேற்றித் தரும்படி பள்ளியிலேயே கேட்பார்கள். அதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள், சனிக்கிழமையைக் கொடுக்காதீர்கள்.

கடைசி ஆண்டு மாணவர்கள் பிப்ரவரிக்குள் இரண்டு ஜூனியர்களை அழைத்துவர வேண்டும். நான்கு வாரம் அவர்கள் கூட நிற்கட்டும். அடுத்த நான்கு வாரம் அவர்கள் நடத்தட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள். ஒப்படைக்கும் நோட்டில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த வரிசை வரை வந்திருக்கிறது, எந்த ஸ்வரம் இன்னும் நழுவுகிறது, மிருதங்கத்துக்கு எப்போது தோல் மாற்றியது, அலமாரிச் சாவி எந்த டீச்சரிடம் இருக்கிறது என்பவை இருக்கட்டும்.