சிறுபீளைச் செடியை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் முறை

போகியன்று வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்து வீட்டு வாசலில் கொத்தாகச் செருகிக் காப்புக் கட்டப் பயன்படும் சிறுபீளையைக் கொங்குப் பகுதியில் பூளைப்பூ என்பார்கள். தரிசு நிலத்திலும் சாலையோரத்திலும் தானாக வளரும் இச்செடி, தோட்டத்தில் கெட்டுப்போவது பெரும்பாலும் மிகையான கவனிப்பால்தான்.

முதலில் இடம். நாள் முழுவதும் வெயில் படுவதாகவும் மழைநீர் தேங்காததாகவும் இருத்தல் வேண்டும். செம்மண்ணும் சரளை மண்ணும் போதும். களிமண்ணாக இருந்தால் மணல் கலந்து அரை அடி உயரத்திற்குப் பாத்தியை மேடாக்கிக்கொள்ளுங்கள். தொழுவுரம் இடாதீர்கள், இட்டால் தழை பெருகுமே தவிர, நமக்கு வேண்டிய வெண்கதிர்கள் குறைந்துவிடும்.

அடுத்தது விதை. தை, மாசி மாதங்களில், இலைக்கோணங்களில் உள்ள பஞ்சு போன்ற கதிர்கள் நன்றாகக் காய்ந்த பிறகு உருவி, உள்ளங்கையில் கசக்கினால் மிகச் சிறிய, பளபளப்பான கரிய விதைகள் தென்படும். அவற்றைப் பஞ்சிலிருந்து முற்றிலும் பிரிக்க முயல்வது வீண் வேலை. அப்படியே காகித உறையில் இட்டு, ஈரம் படாமல் வையுங்கள்.

ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ ஒரு மழை பெய்த பின், விதையை உலர்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே மண் மூடாமல் கையால் மெல்ல அழுத்திவிட்டு, பூவாளியால் நீர் தெளியுங்கள். முளைப்பு ஒரே சமயத்தில் வராது, பொறுத்திருக்க வேண்டும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடியாதலால், இடம் மாற்றுவதென்றால் நான்கு இலைப் பருவத்திலேயே, மாலை வேளையில், வேரைச் சுற்றிய மண்ணோடு பெயர்த்து ஓரடி இடைவெளியில் நடுங்கள்.

வேர் பிடிக்கும் வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீர் விடுங்கள். அதன் பின், நண்பகலில் இலை துவள்வதைப் பார்த்துக் குடத்தைத் தூக்க வேண்டாம். மறுநாள் விடியற்காலையிலும் துவண்டே இருந்தால் மட்டும் வேர் நனைய ஊற்றினால் போதும். அடைமழைக் காலத்தில் நீர் வடிகிறதா என்று பார்ப்பதே முதன்மையான வேலை.

காப்புக்குப் பறிக்கும்போது வேரோடு பிடுங்காமல், கதிர் விட்ட கிளைகளை மட்டும் கத்தரியுங்கள். அடித்தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும். இரண்டு செடிகளை வெட்டாமல் விட்டுவைத்தால், அவற்றின் விதை காற்றில் பரவி அடுத்த மழையில் தானே முளைக்கும். களை எடுக்கும்போது அந்த நாற்றுகளையும் சேர்த்துப் பிடுங்கிவிடாதீர்கள்.