உப்புப் போடுமுன் பிள்ளையின் பங்கை எடுத்து வையுங்கள்

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர், செவ்விளநீர், கிரைப் வோட்டர் எதுவும் வேண்டாம். குழப்பம் தொடங்குவது அதற்குப் பிறகுதான். ‘சளி பிடிக்கும்’ என்று வீட்டில் மறிக்கும் முட்டையும் மீனும் கொடுக்கவேண்டியவை. ஆசையாக ஊட்டும் தேனும், தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட்டும் நிறுத்தவேண்டியவை.

தேன் முதல் 12 மாதம் ஒரு துளியும் ஆகாது. பிறந்த பிள்ளையின் நாக்கில் தொட்டு வைப்பது, சூப்பியில் பூசுவது, நாட்டு மருந்தைக் குழைத்துக் கொடுப்பது எல்லாம் இதில் சேரும். தசைகளைச் செயலிழக்கவைக்கும் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை முளைப்பதில்லை. கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். தேனை அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. மலச்சிக்கலோடு அழுகுரல் மெலிந்து, பால் உறிஞ்ச முடியாமல் உடல் துவண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

ஒரு வயதுக்குள் நாளொன்றுக்கு மொத்தம் 1 கிராம் உப்புக்கும் குறைவாகவே போகவேண்டும். அது ஒரு தேக்கரண்டியில் ஆறில் ஒரு பங்குகூட வராது. ஆகவே பருப்போ சொதியோ வெந்ததும், உப்பும் மாசிக்கருவாடும் சேர்க்குமுன் பிள்ளையின் பங்கைத் தனியே எடுத்து மசியுங்கள். தேங்காய்ப்பால் தாராளமாக விடலாம். கருவாடு, மார்மைட், சூப் கட்டி, நூடில்ஸ் பக்கெட்டுக்குள் வரும் தூள் நான்கிலும் உப்பு அதிகம். சப்பென்றிருக்குமே என்பது பெரியவர்களின் கவலை. பிள்ளைக்கு அந்த ருசி இன்னும் பழகவில்லை.

சீனி, சர்க்கரை, கித்துள் பாணி, மோல்ட் பானம் எதுவும் இரண்டு வயதுவரை தேவையில்லை. பழச்சாற்றுக்குப் பதில் பழத்தையே மசித்துக் கொடுங்கள். பிளேன்டி, பால் தேத்தண்ணி இரண்டும் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. பெரியவர்களின் பால்மாவில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஒரு வயதுக்குமுன் அதைத் தாய்ப்பாலின் இடத்தில் வைக்கக் கூடாது. கொஞ்சம் தயிர் பரவாயில்லை, பாணி விடாமல்.

சுறா, தளப்பத்து போன்ற பெரிய மீன்களில் பாதரசம் கூடுதல். பிள்ளைக்கு வேண்டாம், பாலூட்டும் தாயும் சுறா வறையை வாரத்தில் ஒருமுறைக்கு மேல் சாப்பிடாதிருப்பது நல்லது. நெத்தலி, சாளை, சூடை நல்லவை. முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுங்கள்.

தொண்டையில் அடைப்பது உணவின் வடிவத்தைப் பொறுத்தது. உருண்டை, வழுவழுப்பு, கடினம் மூன்றையும் பாருங்கள். ரம்புட்டானை முழுதாக வாயில் வைக்கவே கூடாது. சதையைச் சீவி, சதையோடு ஒட்டிவரும் விதைத்தோலையும் நீக்கிக் கொடுக்கவேண்டும். திராட்சையையும் சொசேஜையும் நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். வட்டமாக வெட்டினால் மூச்சுக்குழாயை அப்படியே மூடும். முழுக் கச்சான், கஜு, டொபி ஐந்து வயதுவரை வேண்டாம். காலிமுகத் திடலில் வாங்கும் அவித்த கடலையைச் சின்னவர்களுக்கு நசித்துக் கொடுங்கள். இறால் வடையில் ஓடும் தலையும் அப்படியே கிடக்கும், அதைத் தவிருங்கள். ஓடும் ஓட்டோவில் எதையும் ஊட்டாதீர்கள்.

அடைத்துவிட்டால், பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராவிட்டால், ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைத் தலை தாழக் குப்புறப் பிடித்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு, பிறகு திருப்பி மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 அழுத்தம், மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தேடினால் இன்னும் உள்ளே போகும். அதற்குள் இன்னொருவர் இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைக்கட்டும்.

முட்டை, அரைத்த கச்சான் இரண்டையும் ஒவ்வாமைக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதத்திலிருந்தே தொடங்கலாம். கடுமையான எக்சிமா (அரிக்கும் தோல் அழற்சி) இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். முட்டை நன்றாக வெந்திருக்கவேண்டும். ஒரு நேரத்தில் ஒரு புதிய உணவு, கால் தேக்கரண்டி, அதுவும் காலையில். தடிப்போ வாந்தியோ வந்தால் பகலிலேயே தெரிந்துவிடும்.